வெறும் தண்ணியில் துத்தநாகம்

எனக்கு வாய் நீளம்னு எங்க ஆய்வகத்துல எல்லாருக்கும் தெரியும். பதினெட்டு வருஷமா ஒரே இயந்திரத்தோட குடும்பம் நடத்துறவளுக்கு வாய் நீளாம வேற என்ன நீளும்? ரத்தத்துல எந்த உலோகம் எவ்வளவு இருக்குன்னு அளந்து சொல்ற இயந்திரம் அது. நான் படிச்சது வெறும் பட்டயப் படிப்புதான். ஆனா என் கையெழுத்து இல்லாம ஒரு எண்கூட இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகாது. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லேன்னு சொல்லல.

அப்படிப்பட்ட நான், வாயைத் திறக்க வேண்டிய இடத்துல மூடிக்கிட்டு, மூட வேண்டிய இடத்துல திறந்து ஒரு காரியம் பண்ணேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்க ஆராய்ச்சியாளர் ஒருத்திக்கு நாங்க வெச்ச பேரு மின்னல். நடக்கிறது, பேசுறது, கணக்குப் போடுறது எல்லாத்துலயும் அந்த வேகம். குறைமாசத்துல பிறந்த குழந்தைங்க ரத்தத்துல துத்தநாகம் போதுமான அளவு இருக்கா இல்லையா, இதுதான் அவளோட ஆராய்ச்சி. அது குறைஞ்சா குழந்தைக்கு எடை ஏறாது, புண் ஆறாது, சின்னதா ஒரு சளி வந்தாலும் தாங்காது. பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுல, ரெண்டு கைக்குள்ள அடங்குற குழந்தைங்களோட குதிகால்ல ஒரு குத்து குத்தி, சில சொட்டு ரத்தம் எடுத்து அனுப்புவாங்க. ஒரு தடவைதான் அளக்க முடியும். கெட்டுப்போச்சுன்னா திரும்பக் கேக்க முடியாது, அதுக்குள்ள அந்தக் குழந்தை வளர்ந்து வீட்டுக்குப் போயிருக்கும். இப்படி நூத்தி நாப்பது குழந்தைங்களோட ரத்தத்தைச் சேர்க்க அவளுக்கு மூணு வருஷம் ஆச்சு.

அந்த மூணு வருஷத்துக்குள்ள அவளுக்கும் ஒரு குழந்தை பிறந்தது. அவ பிரசவ லீவுல இருந்தப்போ, கண்ணாடின்னு நாங்க கூப்பிடுற இன்னொரு ஆராய்ச்சியாளர் அறுபது குழந்தைங்களோடதை அளந்து முடிச்சார். சராசரி சரியாத்தான் இருந்தது. எங்க துறைத் தலைவருக்கு ஒரே குஷி. 'குறைமாதக் குழந்தைகளுக்குத் துத்தநாகம் போதுமான அளவில் உள்ளது, கூடுதல் மருந்து தேவையில்லை'ன்னு முடிவுரையே எழுதி மேசையில வெச்சுக்கிட்டார். மீதி எண்பதை அளந்தா அச்சுக்குப் போயிடும்.

மின்னல் லீவு முடிஞ்சு வந்து மீதியை ஆரம்பிச்சா. முதல் வாரமே உதைச்சுது.

எங்க வேலையில பிளாங்க்னு ஒண்ணு உண்டு. வெறும் சுத்தமான தண்ணியை எடுத்துக்கிட்டு, ரத்தத்துக்குச் செய்யற அத்தனையும் அதுக்கும் செய்யணும். அமிலம் சேர்க்கிறது, சூடு பண்றது, சோதனைக் குழாய் மாத்துறது எல்லாம். கடைசியில அளந்து பார்த்தா அதுல ஒண்ணுமே இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா அது நம்ம ஆய்வகத்துலயே ஒட்டின அழுக்கு, கூட அளந்த ரத்தம் எதையும் நம்ப முடியாது. மின்னல் தயார் பண்ண முதல் தொகுதியில பதினோரு குழந்தைங்க. பிளாங்க்ல துத்தநாகம் இருந்தது. குழாய் சரியில்லன்னு நினைச்சு மாத்தினோம். அடுத்த வாரம் இன்னொரு பதினொண்ணு. பிளாங்க் இன்னும் ஏறிடுச்சு.

இருபத்திரண்டு குழந்தைங்களோட ரத்தம் வீண். எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. அளவு மீறினா தலைவருக்குத் தாள் போகணும்னு விதி. விதிதானேன்னு, மின்னல்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லாம நேரா தாளை எடுத்துக்கிட்டு அவர் அறைக்குப் போயிட்டேன். அவளுக்குச் சொல்லிட்டுப் போயிருந்தா ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? ஆகியிருக்காது. ஆனாலும் சொல்லல.

தலைவர் தாளைப் பார்த்தார். தலையைச் சொறிஞ்சார். யோசிக்கிறப்பல்லாம் சொறிவார்.

"கைக்குழந்தைக்காரி. உடம்பு இங்க இருக்கும், மனசு வீட்ல இருக்கும். நான் தப்பு சொல்லலம்மா, அது இயற்கை. மீதியைக் கண்ணாடி பண்ணட்டும். அவங்க கொஞ்ச நாள் கட்டுரை திருத்திக்கிட்டு உக்காரட்டும்."

தப்பு சொல்லலன்னு சொல்லிக்கிட்டே தலையில கல்லைப் போடுறது இருக்கே, அதுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது. நானும் ரெண்டு பிள்ளை பெத்தவ. அந்த ரெண்டு பிரசவத்துக்கு அப்புறமும் இதே வசனத்தை இதே நாற்காலியிலிருந்து கேட்டவ. அப்பயும் வாயை மூடிக்கிட்டு வந்தேன், இப்பயும் மூடிக்கிட்டு வெளிய வந்தேன்.

அரை மணி நேரத்துல மின்னலைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிட்டார். அவ அழல. "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார், துத்தநாகம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறேன். முடியலன்னா நானே ரத்தம் வெச்சிருக்கிற பெட்டிச் சாவியைக் கண்ணாடிகிட்ட குடுத்துடறேன்"னு சொல்லியிருக்கா. வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரி டாக்டரும் வர்ற கூட்டம். சரின்னுட்டார்.

என் மேசைக்கு வந்து நின்னா. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"விதி அப்படி..."ன்னு இழுத்தேன்.

"விதியைக் கேக்கல. உங்களைக் கேட்டேன்."

செருப்பால அடிச்ச மாதிரி இருந்தது. "தப்புதான்டி"ன்னேன். "இப்ப என்ன பண்ணணும், சொல்லு."

"கூட நில்லுங்க, போதும்."

அன்னிக்குத் திங்கட்கிழமை. நாலு நாள்தான் இருந்தது. தண்ணியை அளந்தோம், சுத்தம். அமிலத்தை அளந்தோம், சுத்தம். குழாய், மூடி, உறிஞ்சுகுழல் நுனி ஒண்ணையும் விடல. கையுறையை இடுக்கியால பெட்டியிலருந்து எடுத்துத் தண்ணியில முக்கி அளந்தோம், அதுவும் சுத்தம். புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் அரைச்ச மாவையே அரைச்சதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் இயந்திரத்துல எண் வர்றப்போ, அவ மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. சுத்தம்னு வந்தா மத்த நாள்ல சந்தோஷப்படுவோம். இப்ப ஒவ்வொரு சுத்தமும் அவ கழுத்தை இறுக்கிச்சு. எல்லாப் பொருளும் சுத்தம்னா, மிச்சம் இருக்கிறது அவ ஒருத்திதானே?

புதன்கிழமை மத்தியானம் குழந்தைக்குத் தாய்ப்பால் பீய்ச்சி எடுக்கப் போனா. அதுக்குன்னு தனி அறையெல்லாம் எங்ககிட்ட இல்ல. பழைய காகிதக் கட்டும் உடைஞ்ச நாற்காலியும் போட்டு வெச்ச ஒரு அறை. தாழ்ப்பாள் சரியில்ல, அதனால நான் கதவுக்கு வெளிய முதுகைக் குடுத்து நிப்பேன். உள்ள அவ மாமியாரோட போன்ல பேசுறது கேட்டுது. ஒலிபெருக்கியில போட்டிருந்தா.

"குழந்தைக்குப் புண்ணு நல்லா வாடிடுச்சும்மா. நீ காலையில தடவிட்டுப் போனதுலயே சிவப்பு குறைஞ்சிருக்கு. அந்த வெள்ளைக் களிம்பு தீர்ந்துடுச்சு, வர்றப்போ ஒண்ணு வாங்கிட்டு வா."

"சரி அத்தை. எந்தக் களிம்புன்னு பேரைப் படிங்க..."

அப்புறம் உள்ள சத்தமே இல்ல. "என்னடி ஆச்சு?"ன்னேன். கதவைத் திறந்தா, பால் பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பார்த்துட்டு உக்காந்திருக்கா.

"அக்கா. குழந்தைக்கு அரையில புண்ணுக்குப் போடுற களிம்பு எதுல பண்றாங்க?"

எனக்கு ஒரு நொடி எடுத்துது. அடக் கடவுளே! துத்தநாகம். அந்த வெள்ளை நிறமே துத்தநாகம்தான்.

பதினஞ்சு வருஷப் படிப்பு, டாக்டர் பட்டம், எல்லாம் துத்தநாகத்துல. கோடியில ஒரு பங்கைத் தேடிப் பிடிக்கிறவ, தினம் காலையில அதையே விரல் விரலா வழிச்சுக் குழந்தைக்குத் தடவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வேலைக்கு வந்திருக்கா. அந்தக் களிம்பு சோப்புக்கெல்லாம் போகுமா? நகக்கண்ணுல உக்காந்துக்கும். நாங்க கையுறையை இடுக்கியால எடுத்து அளந்தோம், சுத்தமா இருந்தது. ஆனா வேலை செய்யறப்போ யார் இடுக்கியால எடுக்கறா? விரல் நுனியைப் பிடிச்சுத்தானே இழுக்கிறோம். அந்த நுனிதான் அப்புறம் குழாய் வாயைத் தொடுது. எங்களை மாதிரி ஆளுங்களால மட்டும்தான் இப்படி ஒரு கூத்தடிக்க முடியும்.

அவ சிரிக்க ஆரம்பிச்சா. நானும் சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சோம். திடீர்னு அவ நிறுத்திட்டா. "இருபத்திரண்டு குழந்தைங்கக்கா"ன்னா. அப்பதான் கண்ணுல தண்ணி வந்தது.

சாயங்காலம் நான் அவளுக்கு ஒரு யோசனை சொன்னேன். என் புத்தி அவ்வளவுதான். "இதை வெளிய சொல்லாத. களிம்பை மாத்து, உன் மாமியார் தடவட்டும். நாளைக்கே பிளாங்க் இறங்கிடும். கையுறைப் பெட்டி ஒண்ணு மோசம்னு சொல்லிடலாம், நான் கையெழுத்துப் போடறேன். குழந்தைக் களிம்புன்னு நீ வாயைத் திறந்தேன்னு வை, 'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு அந்த மனுஷன் உன்னை உண்டு இல்லேன்னு ஆக்கிடுவார். உனக்கு அப்புறம் பிள்ளை பெத்துட்டு வர்ற ஒவ்வொருத்திக்கும் இதையே சொல்லிக் காட்டுவார்."

"சொல்லிக் காட்டுவார்தான்"னா. "ஆனா பொய்க் காரணம் எழுதினா, நாளைக்கு வேற எங்கயாவது வேற ஒருத்தி இதே தப்பைப் பண்ணுவா. எண்ணுல பொய் சொல்லக் கூடாதுன்னா காரணத்துலயும் சொல்லக் கூடாதுக்கா. நான் சொல்லத்தான் போறேன். ஆனா கை கட்டிக்கிட்டுச் சொல்லப் போறதில்ல."

மறுநாள் வியாழக்கிழமை ஆய்வகத்துல இருந்த எட்டு பேரையும் வரிசையில நிறுத்தினா. ஒரு பெட்டியில எட்டுச் சீட்டு. ஆளுக்கொரு சீட்டு எடுக்கணும், எண்ணை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வழக்கமா போடுற மாதிரி கையுறை போட்டு, அந்த எண் எழுதின சோதனைக் குழாயில இருக்கிற சுத்தமான தண்ணியில விரல் நுனியை முக்கணும். "சோதனைக்கு எலி நாங்களா?"ன்னு தலைவர் சிரிச்சுக்கிட்டே முக்கினார். மின்னல் அன்னிக்குக் காலையிலயும் வேணும்னே களிம்பைத் தடவிட்டுத்தான் வந்திருந்தா.

வெள்ளிக்கிழமை காலையில கூட்டம். தலைவர், கண்ணாடி, மத்தவங்க எல்லாரும் மேசையைச் சுத்தி. ஆஸ்பத்திரியிலருந்து குழந்தைகள் வார்டு டாக்டர் வந்திருந்தாங்க. ராத்திரிப் பணி முடிச்சுட்டு நேரா வந்த முகம், மடிக்கணினி மேல சாஞ்சுக்கிட்டு அரைத் தூக்கத்துல இருந்தாங்க.

மின்னல் எழுந்து நின்னா. "துத்தநாகம் என் கையிலருந்து வந்தது. என் குழந்தைக்குத் தடவுற களிம்பு. அந்த இருபத்திரண்டு எண்ணையும் கணக்குலருந்து அடிச்சுட்டேன், வீணானது என் தப்பு"ன்னு முதல் வாக்கியத்துலயே போட்டு உடைச்சா.

தலைவர் நாற்காலியில சாஞ்சார். "அதான் நான் அன்னிக்கே..."

"முடிச்சுடறேன் சார்"னா. திரையில எட்டுப் பட்டையா ஒரு படம் வந்தது. "எட்டு பேர்ல அஞ்சு பேரோட விரல் நுனியில துத்தநாகம் இருக்கு. ஏழாவது எண் நான். என்னை விட அதிகமா ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டாவது எண், ஆறாவது எண்."

கண்ணாடி கையைத் தூக்கினார். "ரெண்டு நான். எனக்குப் பொடுகு. அறுபதை அளந்து முடிச்ச அப்புறம்தான் வந்தது. அதுக்குப் போடுற ஷாம்பூலயும் துத்தநாகம்தான் இருக்கு, நேத்து ராத்திரி பாட்டிலைப் படிச்சேன்." சொல்லிட்டு வெக்கமே இல்லாம உக்காந்தார். அன்னியிலருந்து அந்த மனுஷன் மேல எனக்குத் தனி மரியாதை.

"ஆறாவது யாரு?"ன்னு தலைவர் அதட்டலா கேட்டுக்கிட்டே சட்டைப் பையிலருந்து தன் சீட்டை எடுத்துப் பார்த்தார். முகத்துல ஈயாடல. தலைக்குப் போன கை பாதியிலயே நின்னுடுச்சு. அந்தப் பட்டைதான் படத்துலயே உசரமானது. சீட்டை நாலா மடிச்சுத் திரும்பப் பையில வெச்சுக்கிட்டார். எனக்கு நாக்கு நமநமன்னு அரிச்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"சரி சரி"ன்னார், தொண்டையைக் கனைச்சுக்கிட்டு. "யார் பண்ணாலும் வரும்னு ஆகுது. அப்ப யார் பண்ணா என்ன?"

"யார் பண்ணாலும் வரும் சார். எங்கேருந்து வரும்னு தெரிஞ்சவங்க பண்ணா வராது"ன்னா மின்னல்.

அப்பதான் வார்டு டாக்டர் நிமிர்ந்து உக்காந்தாங்க. தூக்கம் போயே போச்சு.

"இருங்க இருங்க. அந்தக் களிம்பு... வெள்ளையா, கெட்டியா, கழுவினாப் போகாததா?"

"ஆமா டாக்டர்."

"எங்க வார்டுல ஒவ்வொரு தொட்டில் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கே! நர்ஸ் துணி மாத்தி, களிம்பு தடவி, கையைக் கழுவிட்டு, அதே விரலால குதிகாலைப் பிடிச்சுத்தான் ஊசி குத்துறாங்க."

எங்க பிளாங்க், எங்க ஆய்வகத்து அழுக்கை மட்டும்தான் காட்டும். வார்டுலயே ரத்தத்துல ஒட்டிக்கிட்டு வர்றதை அது எப்படிக் காட்டும்? கண்ணாடி அளந்த அறுபது குழந்தைங்க, பிளாங்க் சுத்தமா இருந்த அந்த அறுபது, சராசரி சரியா இருக்குன்னு முடிவுரையே எழுதின அந்த அறுபது!

"யாருக்கு எப்பக் களிம்பு போட்டீங்கன்னு பதிவு இருக்கா டாக்டர்?"ன்னு மின்னல் கேட்டா.

"மணி போட்டு எழுதாம எங்க நர்ஸ் வீட்டுக்குப் போக மாட்டாங்க." மடிக்கணினியைத் திறந்தாங்க.

நான் ஒவ்வொரு குழந்தையோட எண்ணையும் வாசிச்சேன். டாக்டர் "களிம்பு உண்டு", "இல்லை"ன்னு சொன்னாங்க. மின்னல் பலகையில ரெண்டா பிரிச்சு எழுதினா. அறுபதும் முடிய முக்கால் மணி நேரம் ஆச்சு. ரத்தம் எடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி களிம்பு போட்டவங்க பதினேழு பேர். அவங்க எண் எல்லாம் வானத்துல. போடாதவங்க நாப்பத்து மூணு பேர். அதுல நாலு பேரைத் தவிர மத்த எல்லாரும் இருக்க வேண்டிய அளவுக்கும் கீழ. பதினேழு பேரோட பொய் துத்தநாகம் சேர்ந்து, முப்பத்தொன்பது பேரோட குறையை மூடி மறைச்சிருக்கு.

டாக்டர் அந்தப் பலகையைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "உங்க முடிவுரை வந்திருந்தா, மருந்து தேவையில்லைன்னு நானும் நம்பியிருப்பேன்"னு தலைவர்கிட்ட சொன்னாங்க. "இப்ப என் வார்டுல பதினோரு குழந்தைங்க இருக்காங்க. கையைச் சுத்தம் பண்ணி, களிம்பு இல்லாம, பன்னெண்டு மணிக்குள்ள ரத்தம் எடுத்து அனுப்பறேன். இன்னிக்கே அளந்து சொல்வீங்களா?"

"கண்ணாடி பண்ணட்டும்..."னு தலைவர் ஆரம்பிச்சார். பழக்க தோஷம்.

"சார், எனக்குப் பொடுகு சார்"னார் கண்ணாடி. "அவங்களே பண்ணட்டும். நான் கூட நின்னு குழாய் எடுத்துக் குடுக்கிறேன். அதுவும் இடுக்கியால."

தலைவர் மென்னு முழுங்கினார். அப்புறம் மின்னலைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மின்னல் முழங்கை வரைக்கும் மூணு தடவை தேய்ச்சுக் கழுவினா. நகத்தை ஒட்ட வெட்டினா. ஒரு கையுறை போட்டதுக்கு மேல இன்னொண்ணை நான் இடுக்கியால எடுத்து, விளிம்பைப் பிடிச்சு மாட்டிவிட்டேன். பதினோரு குழாய், கூட ஒரு பிளாங்க். மூணரை மணிக்கு என் இயந்திரத்துக்கு வந்தது. முதல்ல பிளாங்க்கை வெச்சேன். சுத்தம். ரெண்டாவது தடவை வெச்சேன், என் கண்ணையே நான் நம்பாம. சுத்தம். "சுத்தம்டி!"ன்னு கத்தினேன், அடுத்த கட்டடத்துக்குக் கேட்டிருக்கும்.

அப்புறம் ஒவ்வொண்ணா அளந்தேன். கையெழுத்துப் போட்டேன். தலைவர் வந்து தன் கையெழுத்தையும் போட்டுட்டுக் கதவோரமா நின்னார்.

மின்னல் வார்டுக்குப் போன் போட்டா. பக்கத்துல நான் தாளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"டாக்டர், முதல் தொட்டில், குறைவு. மருந்து குடுங்க. ரெண்டாவது தொட்டில், குறைவு. குடுங்க. மூணாவது சரியா இருக்கு, வேண்டாம். நாலாவது குறைவு, குடுங்க..."

ஒன்பது தடவை 'குடுங்க'ன்னு சொன்னா. புதன்கிழமை சாயங்காலம் நான் சொன்ன யோசனையை அவ கேட்டிருந்தா, அதுல ஒண்ணுகூடச் சொல்லியிருக்க மாட்டா.